விரத நாட்களும் மளிகைக் கடையும்



நமது இதழில் ஜி.எஸ்.டி. படிவம் பற்றி எழுதுகிறோம். உணவுப் பாதுகாப்பு உரிமம், தராசு முத்திரை, குடோன் காப்பீடு எல்லாவற்றையும் பற்றி எழுதுகிறோம். எல்லாம் தேவையானவையே. ஆனால் நம் கல்லாவை ஏற்றி இறக்குகிற ஒரு புத்தகத்தைப் பற்றி எவரும் எழுதக் காணோம். அதுதான் பஞ்சாங்கம். இந்த இதழ் தங்கள் கைக்கு வரும்போது ஆவணி நடந்துகொண்டிருக்கும். புரட்டாசி பிறக்கச் சில நாட்களே இருக்கும். ஆகவே இதை எழுத இதுவே தக்க சமயம் என்று கருதுகிறேன்.

நான் பெரிய படிப்புப் படித்தவனல்ல. 1977இல் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவுடன் மண்ணச்சநல்லூரில் தகப்பனாரின் சில்லறை மளிகைக் கடையில் உட்கார்ந்தவன். பிற்பாடு திருச்சிக்கு வந்து மொத்த வியாபாரம் தொடங்கினேன். எனவே நான் சொல்வது சாஸ்திரமல்ல. கல்லாப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்த கணக்கு.

முதலில் ஒரு விவரம். 2014ஆம் ஆண்டு மத்திய அரசின் மாதிரிப் பதிவு முறையில் எடுத்த கணக்கின்படி, தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் அசைவம் உண்பவர்கள். ராஜஸ்தானத்தில் இது நூற்றுக்கு ஏறக்குறைய 25தான். இதைப் பார்த்துவிட்டு, நம் ஊரில் சைவச் சரக்குக்கு என்ன வேலை என்று வெளியூர்க் கம்பெனிக்காரர் ஒருவர் என்னிடம் கேட்டார். அவர் ஆட்களை எண்ணினார், நாட்களை எண்ணவில்லை. செவ்வாய், வெள்ளி பல வீடுகளில் கவிச்சி கிடையாது. பெருமாள் வீட்டுக்காரர்களுக்குச் சனி. ராகவேந்திரர், சாயிபாபா என்று வியாழனும் இப்போது சேர்ந்துகொண்டது. திங்களில் சோமவார விரதக்காரர்கள் உண்டு. இவை போக அமாவாசை, கிருத்திகை, சஷ்டி, பிரதோஷம், சங்கடஹர சதுர்த்தி, ஏகாதசி. கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஆட்டுக்கும் கோழிக்கும் உண்மையில் ஆபத்தான நாள் ஞாயிறும் புதனும்தான். நம் ஊரில் சைவர், அசைவர் என்று இரண்டு கூட்டம் இருப்பதாக நினைப்பதைவிட, ஒரே மனிதர் சில நாள் சைவராகவும் சில நாள் அசைவராகவும் இருக்கிறார் என்று நினைப்பதுதான் வியாபாரத்துக்குப் பொருந்தும்.

என் தகப்பனார் இதை எனக்கு வாயால் சொல்லித் தரவில்லை. ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை நடந்த காரியத்தால் தெரிந்துகொண்டேன்.

அப்போது எங்கள் கடையில் ஒரே தட்டுத் தராசு. பருப்பும் அதில்தான், புளியும் அதில்தான், முன்கட்டில் ஓலைப்பெட்டியில் வைத்திருந்த கருவாடும் அதில்தான். வெள்ளிக்கிழமை இரவு கடை கட்டும் நேரத்தில் நெத்திலிக் கருவாடு நிறுத்துக் கொடுத்துவிட்டு, தட்டைத் துணியால் துடைத்து வைத்தேன். மறுநாள் புரட்டாசி மூன்றாம் சனி. காலையிலேயே ஒரு பெரியம்மா வந்து தளிகைக்குப் பச்சரிசி, வெல்லம், துவரம்பருப்பு, உளுந்து, எள் வாங்கிப் போனார். ஒரு மணி நேரத்தில் பையோடு திரும்பி வந்தார். சத்தம் போடவில்லை. பையைப் பலகையில் வைத்துவிட்டு, "தம்பி, வெல்லத்துல கவிச்சி அடிக்குது. இதைச் சாமிக்கு வைக்க முடியாதுப்பா" என்றார். அவ்வளவுதான்.

தகப்பனார் என்னைப் பார்க்கக்கூட இல்லை. உள்ளேயிருந்து புது மூட்டைகளை அவிழ்த்து, தாமிரப் படியைக் கழுவித் துடைத்து எல்லாச் சாமானையும் படிக்கணக்கில் அளந்து கொடுத்தார். வெல்லத்தை அச்சாகவே எண்ணிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. அன்று மாலை என்னையும் அழைத்துக்கொண்டு அந்த அம்மா வீட்டுக்கு நடந்தார். வாசலில் நின்றபடி, "பையன் தெரியாம செஞ்சுட்டான், ஆனா கடை என் கடை, தப்பு என்னது" என்றார். திங்கட்கிழமை இன்னொரு தராசு வாங்கினோம். பழைய தராசின் கொக்கியில் சிவப்புத் துணி கட்டி, கருவாட்டோடு சேர்த்துப் பின்பக்கச் சாய்ப்புக்கு அனுப்பினோம். அந்த அம்மா ஒரு வருஷம் எங்கள் கடைப்படி ஏறவில்லை. அடுத்த புரட்டாசியில் வந்தார். தட்டை முகர்ந்து பார்த்துவிட்டுச் சாமான் வாங்கினார். தகப்பனார் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குத்தான் அன்று முகம் சிவந்துவிட்டது.

இன்று எலக்ட்ரானிக் தராசும் பாக்கெட் சரக்கும் வந்துவிட்டன. ஆனாலும் முட்டை அட்டையைத் தூக்கிய கையோடு கற்பூரம் எடுத்துக் கொடுக்கிற பையன்கள் நம் கடைகளில் இருக்கிறார்கள். முட்டை உடைந்து ஒழுகிய பலகையின் மேல் பூஜைச் சாமான் தட்டு வைத்திருப்பதையும் பார்க்கிறேன். அசைவம் சாப்பிடுகிற வாடிக்கையாளரும் சாமிச் சாமான் என்று வரும்போது மிகவும் கவனமாக இருப்பார். அவர் சொல்ல மாட்டார், கடையைத்தான் மாற்றுவார்.

இனி மாதக் கணக்குக்கு வருகிறேன்.

புரட்டாசி செப்டம்பர் 17 வாக்கில் பிறந்து அக்டோபர் 17 வாக்கில் முடியும். சில வீடுகளில் சனிக்கிழமை மட்டும், பல வீடுகளில் மாதம் முழுவதும் கவிச்சி கிடையாது. அரிசி, பருப்பு, வெல்லம், புளி, எள், நல்லெண்ணெய், மிளகு, முந்திரி எல்லாம் ஓடும். மகாளய அமாவாசையும் நவராத்திரியும் பெரும்பாலும் இந்த மாதத்தில்தான் வரும். ஆகவே சுண்டலுக்குக் கொண்டைக்கடலை, மொச்சை, பட்டாணி, காராமணி, ஆயுத பூசைக்குப் பொரி, அவல், பொட்டுக்கடலை, நாட்டுச்சர்க்கரை. இவை எல்லாருக்கும் தெரிந்தவை. புதிதாகக் கடை வைத்தவர்களுக்குத் தெரியாதது, இந்த மாதத்தில் எது ஓடாது என்பதுதான்.

எங்களிடம் சரக்கு எடுக்கும் இளைஞர் ஒருவர், கடை திறந்த முதல் வருஷம், புரட்டாசி முதல் வாரத்தில் முட்டை விலை இறங்கியதைப் பார்த்தார். நாமக்கல் விலை தினமும் பத்திரிகையில் வருகிறது. விலை குறைந்தால் வாங்கிப் போடு என்பது பொதுவான வியாபாரப் பாடம். அவரும் மடமடவென்று அட்டைகளை இறக்கினார். விலை ஏன் இறங்கியது என்று யாரிடமும் கேட்கவில்லை. கோழிக்குப் புரட்டாசி தெரியாது, அது முட்டையிட்டுக்கொண்டேதான் இருக்கும். தின்கிறவன்தான் நிறுத்திவிட்டான். முட்டையோ வெயிலில் மூன்று வாரம் தாங்காத சரக்கு. பாதிக்கு மேல் குப்பைக்குப் போயிற்று. "ஐயா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று என்னிடம் வருத்தப்பட்டார். அவர் கேட்டது நியாயம்தான். இந்தக் கட்டுரையை எழுத அந்த வார்த்தையும் ஒரு காரணம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பிரியாணிக் கடைக்காரர்களும் கறிக்கடைக்காரர்களும் நம்மிடம் சீரகச் சம்பா, எண்ணெய், பட்டை, சோம்பு எடுப்பவர்கள். புரட்டாசியில் அவர்கள் விற்பனை பாதியாகக்கூட இறங்கிவிடும். அந்த மாதம் பாக்கிக்கு அவர்களை நெருக்குவதில் பயனில்லை. ஆவணிக் கடைசியில் ஒரு வசூல் பார்த்துவிட்டு, புரட்டாசியில் விட்டுப் பிடித்து, ஐப்பசி பிறந்த முதல் ஞாயிறு கழித்துக் கேட்டால் ரொக்கம் கைக்கு வரும். முப்பது வருஷமாக நான் கடைப்பிடிக்கும் முறை இது. ஓரிருவர் தவிர எவரும் என்னை ஏமாற்றியதில்லை.

தீபாவளி விஷயத்தில் வடநாட்டு வழக்கத்தை வைத்து நம் ஊரைக் கணக்குப் போடக் கூடாது. நம் பக்கம் பல வீடுகளில் எண்ணெய்க் குளியல் முடிந்து இட்லியும் கறிக்குழம்பும்தான் தீபாவளி. ஆனால் சில ஆண்டுகளில் தீபாவளியன்றே அமாவாசையும் சேர்ந்துவிடும். அந்த ஆண்டில் பிதுர் காரியம் செய்யும் வீடுகளில் கறி இல்லை, வடை பாயசம்தான். கேதார கௌரி நோன்பு எடுக்கும் வீடுகளிலும் அப்படியே. அதற்கு அடுத்த நாளிலிருந்து ஆறு நாள் கந்த சஷ்டி. எனவே ஐப்பசி பிறந்துவிட்டது, அசைவம் திறந்துவிட்டது என்று மசாலாச் சாமான் கொள்முதல் செய்யுமுன் காலண்டரில் அமாவாசை என்றைக்கு என்று பார்த்துவிடுங்கள்.

கார்த்திகை முதல் தேதி ஐயப்ப சாமிகள் மாலை போட்டுவிடுவார்கள். 41 நாள் மண்டல விரதம். ஒரு வீட்டில் ஒருவர் மாலை போட்டால் அடுப்பு முழுவதும் சைவம் என்பதை மறக்கக் கூடாது. நம் கணக்கில் அது ஒரு ஆள் அல்ல, ஐந்து ஆள். இருமுடிக்குத் தேங்காய், நெய், பச்சரிசி, அவல், பொரி, வெல்லம், கற்பூரம், மஞ்சள்தூள், பன்னீர் எல்லாம் வேண்டும். வாவர் சாமிக்கு மிளகு காணிக்கை உண்டு. வாவர் இஸ்லாமியர். இருமுடிக்குள் அவருக்கும் ஒரு பொட்டலம் போகிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். நெய்யில் மட்டும் தயவுசெய்து விளையாடாதீர்கள். விளக்கு நெய் வேறு, முத்திரைத் தேங்காயில் ஊற்றும் நெய் வேறு. விலை குறைவு என்பதற்காக விளக்கு நெய்யைச் சொல்லாமல் கொடுப்பது, நான் கருவாட்டுத் தட்டில் வெல்லம் நிறுத்ததைவிடப் பெரிய தப்பு. அது தெரிந்தே செய்வது.

அந்த இரண்டு மாதமும் மண்டியில் ஒரே 'சாமி' மயம். மூட்டை இறக்குபவர் சாமி, லாரி டிரைவர் சாமி. பாக்கி வைத்தவரும் சாமி. "சாமி, போன மாசத்துப் பாக்கி சாமி" என்று கேட்டால், "சாமி சரணம்" என்று பதில் வரும். சரணம் வரவில் ஏறுமா?

மார்கழியில் ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசி, மேல்மருவத்தூருக்குச் செல்லும் செவ்வாடை அம்மாக்களின் இருமுடி. தைப்பூசம் வரை பழனி பாதயாத்திரை. எல்லாம் சைவக் காலம். நடுவில் பொங்கல் வருகிறது. மாட்டுப் பொங்கலன்றே திருவள்ளுவர் தினம் வருவதால் அன்று இறைச்சிக் கடைகளை மூட அரசு உத்தரவு உண்டு. மகாவீர் ஜெயந்தி, காந்தி ஜெயந்தி, வள்ளலார் நினைவு நாள் ஆகியவற்றுக்கும் இவ்வாறே. காந்தி ஜெயந்தி புரட்டாசிக்குள் வருவதால் பெரிய வித்தியாசம் தெரியாது. மாட்டுப் பொங்கல் அப்படியல்ல. கறி எடுக்க வேண்டியவர்கள் காணும் பொங்கலுக்குத் தள்ளிவைப்பார்கள். அன்று இஞ்சி, பூண்டு, மல்லித்தூள் கேட்டு வரும் கூட்டத்துக்கு முந்தைய இரவே பொட்டலம் போட்டு வைப்பது நல்லது.

வள்ளுவர் பெயரை எடுத்தாயிற்று. புலால் மறுத்தலையும் கொல்லாமையையும் அவர் துறவறவியலில் வைத்திருக்கிறார். இல்லறத்தானுக்கு அது பொருந்துமா என்று புலவர்கள் வாதிட்டுக்கொள்ளட்டும். வாங்குகிறவன் இருப்பதால்தான் விற்கிறவன் இருக்கிறான் என்னும் நம் தொழில் கணக்கை அவர் அந்த அதிகாரத்திலேயே பேசியிருக்கிறார். படித்தபோது எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது, மறைக்கவில்லை. வடலூரில் வள்ளலார் 1867ஆம் ஆண்டு மே 23ஆம் தேதி தருமச்சாலையில் ஏற்றிவைத்த அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. அங்கே வருகிறவன் என்ன சாப்பிடுகிறவன் என்று கேட்டுச் சோறு போடுவதில்லை. பசிக்கிறதா என்பது ஒன்றே கேள்வி. ஆனால் சன்மார்க்கத்தில் சேருவதற்குக் கொலையும் புலையும் தவிர்த்திருக்க வேண்டும்.

இதே நாட்டில்தான் கண்ணப்பர் காளத்தியில் சாமிக்குப் பன்றிக்கறி படைத்ததைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடி வைத்தார். சைவம் என்ற சொல்லுக்கே சிவனைக் கும்பிடும் நெறி என்றுதான் முதல் பொருள். கறி தின்னாமை என்பது பின்னால் ஒட்டிக்கொண்டது. வைணவர் வீட்டுச் சாப்பாட்டையும் 'சுத்த சைவம்' என்று நாம் சொல்கிறோம், அவர்களும் சிரித்துக்கொண்டு விட்டுவிடுகிறார்கள். வங்காளத்தில் காளி கோயில்களில் பலியிட்ட ஆட்டை வெங்காயமும் பூண்டும் சேர்க்காமல் சமைத்து, அதைப் பிரசாதம் என்று உண்கிறார்கள். கறி உண்டு, பூண்டு கூடாது! நம் ஊர் ஆட்களுக்கு இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். மகாராஷ்டிரத்தில் ஏகாதசிக்கும் சிவராத்திரிக்கும் தானியம் கூடாது என்று ஜவ்வரிசிக் கிச்சடி சாப்பிடுகிறார்கள். அந்த ஜவ்வரிசி நம் சேலத்து மரவள்ளிக்கிழங்கில் செய்தது. 1981இல் சேலத்தில் ஏற்பட்ட சேகோசர்வ் சங்கத்தின் வழியாகவும் வெளியிலும் வடக்கே போகும் சரக்கில் பெரும்பங்கு இந்த விரத அடுப்புகளுக்குத்தான். அவர்களுடைய நவராத்திரி, ஆவணி விரதக் காலங்களுக்கு முன்னால் சேலத்தில் விலை அசைவதைக் கவனித்திருப்பீர்கள். நம் ஊரில் வேலைக்கு வந்திருக்கும் வடமாநிலத் தொழிலாளிகளும் இப்போது நவராத்திரியில் ஜவ்வரிசியும் இந்துப்பும் கேட்கிறார்கள். வைத்திருங்கள்.

மாசியில் சிவராத்திரிக்குக் குலதெய்வக் கோயிலுக்குப் போகிற கூட்டம். பிறகு எங்கள் பக்கத்தில் சமயபுரம். இங்கே விரதம் இருப்பவள் அம்மனே. மாசிக் கடைசி ஞாயிறு பூச்சொரிதலில் தொடங்கி 28 நாள், உலக மக்களுக்காக அம்மன் பச்சைப் பட்டினி இருக்கிறாள் என்பது ஐதிகம். சமைத்த நைவேத்தியம் கிடையாது. துள்ளுமாவு, பானகம், நீர்மோர், இளநீர்தான். அதையொட்டிச் சுற்று வட்டாரத்தில் எத்தனையோ வீடுகள் சைவத்துக்கு மாறிவிடும். மண்ணச்சநல்லூர்க் கடையில் அந்த 28 நாளும் கருவாட்டுச் சாய்ப்பைத் தகப்பனார் பூட்டியே வைத்திருப்பார். ஆனால் இதே திருச்சியில் புத்தூர் குழுமாயி அம்மன் திருவிழாவில் ஆட்டுக்குட்டிகளின் ரத்தத்தை மருளாளி குடிக்கிற 'குட்டி குடித்தல்' மாசியிலேதான் நடக்கிறது. பக்கத்துப் பக்கத்து ஊர், இரண்டும் அம்மன்தான், ஒருத்தி பட்டினி, ஒருத்திக்குப் பலி. எது சரி என்று கேட்கும் வழக்கம் எங்கள் ஊரில் இல்லை.

ஊர்த் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால் அந்த ஊரில் கவிச்சி நிற்கும். காப்பு அவிழ்த்த பிறகே கிடா. அம்மை போட்ட வீட்டில் தாளிப்புகூடக் கிடையாது. கடுகும் எண்ணெயும் வாங்காமல் இளநீர், பயறு என்று வாங்குகிற வீட்டைக் கண்டால் பெரியவர்கள் கேள்வி கேட்காமல் புரிந்துகொள்வார்கள். துக்க வீட்டில் கருமாதி வரை சைவம். பல சமூகங்களில் கருமாதிக்கு மறுநாள் உறவுமுறையார் கறி எடுத்துப் போட்டுச் சாப்பிட வைத்தால்தான் துக்கம் கழிந்ததாகக் கணக்கு. திதி வீட்டுச் சிட்டை வேறு மாதிரி இருக்கும். மிளகாய்க்குப் பதில் மிளகு கேட்பார்கள், உருளைக்கிழங்கு முட்டைக்கோசு தொடமாட்டார்கள். நாம் பாட்டுக்கு "மிளகாய் மறந்துட்டீங்களே" என்று சேர்த்துப் போடக் கூடாது.

ஆடியில் அம்மனுக்குக் கூழ். வடமாவட்டங்களில் கூழோடு கருவாட்டுக் குழம்பும் முருங்கைக்கீரையும் படைப்பதுண்டு. ஆகவே ஆடியைச் சைவ மாதம் என்று சென்னைக்காரரிடம் சொன்னால் சிரிப்பார்.

தெய்வங்களுக்குள்ளும் இந்தப் பங்கீடு உண்டு. ஐயனார் சைவம், அவர் காவலுக்கு நிற்கும் கருப்பருக்குக் கிடா. வெட்டும்போது ஐயனார் சன்னதியில் திரை போட்டுவிடுவார்கள். திருமங்கலம் பக்கம் வடக்கம்பட்டியில் முனியாண்டி சாமி கோயில் திருவிழாவில் பிரியாணியே பிரசாதம். முனியாண்டி விலாஸ் நடத்துபவர்கள் எங்கிருந்தாலும் அன்றைக்கு அங்கே வந்துவிடுவார்கள். வருஷம் முழுக்கச் சம்பாதித்ததில் சாமிக்கு ஒரு பங்கு. வணிகர்களாகிய நமக்கு இது புரியாத விஷயமல்ல.

கோயிலில் உயிர்ப்பலி கூடாது என்ற சட்டம் இந்த மாநிலத்தில் 1950ஆம் ஆண்டிலேயே இருந்தது. பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. 2003 ஆகஸ்டில் அதைக் கண்டிப்பாக நிறைவேற்ற உத்தரவு வந்தபோதுதான் தெரிந்தது. அந்தச் சில மாதமும் எங்கள் கடை பெஞ்சில் தினசரி இதே பேச்சு. ஒருவர் உயிரைக் கொல்லாதிருக்கச் சொல்வதில் என்ன தப்பு என்பார். மற்றவர், ஓட்டலில் வெட்டலாம், என் சாமி முன்னால் வெட்டக் கூடாதா என்பார். 2004 பிப்ரவரியில் சட்டமே நீக்கப்பட்டது. பெஞ்சில் வாதம் மட்டும் நீங்கவில்லை. அதே இருவர் டீயும் பகிர்ந்துகொண்டுதான் குடித்தார்கள்.

பாக்கெட் சரக்கைப் பற்றி ஒரு வார்த்தை. 2001ஆம் ஆண்டு முதல் சைவப் பொருளுக்குப் பச்சைக் குறி, அசைவத்துக்குப் பழுப்புக் குறி அச்சிட வேண்டும் என்பது விதி. 2020ஆம் ஆண்டு விதிகளில் அசைவக் குறி வட்டம் என்பது முக்கோணமாயிற்று, நிறம் தெரியாதவர்களும் அடையாளம் காணலாம். கேக்கில் முட்டை உண்டு, சில ஜெல்லி மிட்டாய்களில் விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் பசை உண்டு. இனிப்பின் மேல் ஒட்டும் வெள்ளித் தாளை விலங்குத் தோல் நடுவில் வைத்து அடிக்கும் பழைய முறைக்கும் 2016இல் தடை வந்துவிட்டது. மாலை போட்ட பிள்ளைக்கு மிட்டாய் கேட்டால் குறியைப் பார்த்துக் கொடுங்கள். சிலர் விரதத்தில் காளானும் எடுக்க மாட்டார்கள். சோயா உருண்டைக்கு ஆட்சேபணை இல்லை. புரட்டாசி, கார்த்திகையில் அது நன்றாக ஓடும்.

கடைசியாக என் வீட்டு விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஊருக்குச் சொல்லிவிட்டு வீட்டை மறைப்பது சரியல்ல.

என் பேரனுக்கு முடியிறக்கிக் காது குத்த வேண்டும். என் தாயார் உயிரோடிருந்தபோது, வீட்டில் ஆண் வாரிசு பிறந்தால் கருப்பருக்குக் கிடா தருவதாக நேர்ந்துகொண்டிருந்தார். என் மகனோ ஆறேழு வருஷமாகக் கறி சாப்பிடுவதில்லை. மருமகளும் அப்படியே. "என் பிள்ளைக்காக ஒரு உயிர் போக வேண்டாம்ப்பா" என்றான். என் அக்காள், "அது உன் பிள்ளைக்காக இல்லைடா, ஆத்தா வாய் விட்டுச் சொன்ன சொல்லுக்காக" என்றார். பங்காளிகள் கிடா இல்லாமல் கோயிலுக்கு வரமாட்டோம் என்றார்கள். பூசணிக்காய் வெட்டலாம் என்று ஒரு யோசனை வந்தது, பூசாரி ஒத்துக்கொள்ளவில்லை. கிடாவை உயிரோடு கோயிலுக்கு விட்டுவிடலாம் என்றேன். ஏலம் எடுப்பவன் அதை வெட்டத்தானே எடுப்பான் என்று மகன் கேட்டான். பதில் இல்லை. நாற்பத்தைந்து வருஷம் தராசு பிடித்த கை, இந்த எடையை நிறுக்கத் தெரியாமல் மூன்று மாதம் நின்றது.

முடிவில் காலையில் ஐயனாருக்குப் பொங்கல் வைத்து, அங்கேயே முடியிறக்கிக் காது குத்தினோம். மகனும் மருமகளும் குழந்தையும் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுவிட்டு, திரை போடுவதற்கு முன்பே காரில் ஏறிவிட்டார்கள். பிறகு பங்காளிகள் கருப்பருக்குக் கிடா கொடுத்தார்கள். நேர்த்திக்கடனுக்குக் காசு நான் கொடுத்தேன். நான் எந்தப் பந்தியில் உட்கார்ந்தேன் என்று கேட்பீர்கள். கருப்பர் பந்தியில்தான். தாயார் சொன்ன சொல், யாராவது ஒருவர் உட்கார வேண்டுமல்லவா?

அந்த விசேஷத்துக்கு என் கடையிலிருந்துதான் சாமான் போனது. இரண்டு சிட்டை எழுதினேன். ஒன்றில் பச்சரிசி, பாசிப்பருப்பு, வெல்லம், நெய், முந்திரி, ஏலக்காய். மற்றதில் புழுங்கலரிசி, மல்லி, மிளகாய், சோம்பு, பட்டை, கசகசா, பூண்டு, கடலை எண்ணெய். கணக்குப்பிள்ளை இரண்டையும் கூட்டி ஒரே பற்றாக எழுதவா என்று கேட்டார். தனித்தனியாகவே எழுதச் சொன்னேன். பந்தியை விட்டுக் குழந்தையை முன்னாலேயே அனுப்பிவிட்டேன் என்ற கோபத்தில் அக்காள் சில மாதம் பேசவில்லை. போன புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை தளிகைக்குச் சாமான் வாங்கக் கடைக்கு வந்தார். பேரன் எப்படியிருக்கிறான் என்று கேட்டார். அவனுக்கென்று ஒரு பொட்டலம் கற்கண்டு வாங்கிக்கொண்டார். காசு வேண்டாமென்றேன், கேட்கவில்லை. எண்ணிக் கல்லாவில் வைத்துவிட்டுத்தான் போனார்.